அரைப்புள்ளி

நகரக் கோயிலுக்குப் புள்ளிவரி எழுதுகிறவன் நான்.
ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு புள்ளி,
ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரை.
இதில் என் குற்றம் எதுவுமில்லை,
எனக்கு முன்னால் எழுதியவரும்
அப்படித்தான் எழுதினார்.

பள்ளத்தூரில், சித. மெய. வீட்டுத் தேனம்மைக்கு
இருபத்திரண்டு வயதில் அரை போட்டேன்.
ரங்கூனிலிருந்து தந்தி வந்து மூன்றாம் நாள்.
நெற்றியைத் துடைத்துவிட்டார்கள் என்று
வீட்டில் சொன்னாள். மழைக்காலம்,
மை காய வெகுநேரம் ஆனது.

அடுத்த ஆனியில் ஆச்சி
பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தப் போனார்.
வெள்ளைச் சேலை, கையில் வெள்ளைச் சாக்கட்டி.

என் மகள் அழகம்மை அங்கேதான் படித்தாள்.
ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"அப்பா, இந்த க் இருக்குல்ல,
தலைமேல புள்ளி இருக்கவரைக்கும்
அது தனியா நிக்காதாம்.
புள்ளியை அழிச்சா உயிர் வந்துருமாம்.
டீச்சர் விரலால அழிச்சுக் காட்டுனாங்க.
அப்புறம் விரலையே பாத்துக்கிட்டு நின்னாங்க."
நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

வரிக்குப் போனால் ஒரு ரூபாயை நீட்டினார்.
பாதி போதும் ஆச்சி, என்றேன்.
"பள்ளிக்கூடத்தில் என்னைப் பாதி நாளா
வேலை வாங்குகிறார்கள்?"
விதியில் இடமில்லை, என்றேன்.
ரூபாயை மேசையில் விட்டுவிட்டு
கட்டுரை நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.
மீதி எட்டணா எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.
சொல்லப்போனால் என்னிடம்தான் இருந்தது.

முதல் தேர்தல் பட்டியலில்
எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்குப் பேரில்லை.
இன்னார் சம்சாரம், இன்னார் தாயார்.
கதவுக்குப் பின்னாலிருந்து அப்படித்தான் சொன்னார்கள்,
மேலே இருப்பவர்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டார்கள்.

அடுத்த பட்டியலுக்கு, கோடை விடுமுறையில்
ஆச்சி தெருவில் இறங்கினார்.
முதல் கட்டு, இரண்டாம் கட்டு தாண்டி அடுப்படிவரை.
வகுப்பில் வருகை எடுக்கிற அதே குரல்: "பேரு?"
"அவுக பேரைச் சொல்லவா?"
"அவுக ஓட்டை அவுக போடட்டும். உங்க பேரு?"
சிலருக்கு யோசிக்க வேண்டியிருந்தது.
சிகப்பி, என்றது ஒரு குரல்,
யாரையோ காட்டிக்கொடுப்பதுபோல்.
கண்மாய்க்கு அந்தப் பக்கம் நாலு நாள்.
அங்கே ஆச்சி தண்ணீர் வாங்கிக் குடித்ததுதான்
ஊருக்குப் பெரிய பேச்சு.
பட்டியலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
நான் கணக்கன். எண்ணிப் பார்த்தேன்:
ஆயிரத்து நூற்றுப் பதினாறு பேர்.

கட்சிக்காரர்கள் காரில் வந்து
அவர் அண்ணனிடம் அனுமதி கேட்டார்கள்.
மகளிர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினால் போதுமாம்.
காபியை வைத்துவிட்டு ஆச்சி சொன்னார்:
"அந்த நாற்காலி வேண்டாம். டெல்லியில் ஒன்று கொடுங்கள்."
அண்ணன் சிரித்தார்.
வந்தவர்கள் சிரிக்கவில்லை.
பட்டியலை அவர்களும் எண்ணியிருந்தார்கள்.

"அறைப்புள்ளிக்கு ஓட்டா?" என்று
யாரோ மதிலில் கரியால் எழுதிவைத்தார்கள்.
ஊர்வலத்தை நிறுத்தி, கீழே கிடந்த கரியை எடுத்து
ற-வை அடித்து ர போட்டுவிட்டு
அடுத்த தெருவுக்கு நடந்தார்.

ஜெயித்து, செட்டிநாடு ஸ்டேஷனில் ரயிலேறும்போது
ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கூஜா,
திருத்தி முடிக்காத நோட்டுக் கட்டு ஒன்று.
நோட்டெல்லாம் தபாலில் திரும்பி வந்தன, மதிப்பெண்ணோடு.
சபையில் அவர் பேசியதைப் பத்திரிகை
நாலு வரியில் போட்டது. பேரில் ஒரு எழுத்துப் பிழை.

தை மாதம் டெல்லியிலிருந்து மணியார்டர்.
கூப்பனில் சாக்கட்டி பிடித்த கையெழுத்து:
"ஒரு புள்ளிக்கு அரை ரூபாய் அனுப்பியுள்ளேன்.
மீதி எட்டணா தங்களிடம் உள்ளது."

ரசீதுப் புத்தகத்தை எடுத்தேன்.
வீட்டு விலாசம் எழுதப்போன பேனாவை நிறுத்தி
தேனம்மை, என்று மட்டும் எழுதினேன். ஒன்று.
காரியக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வதென்று
இன்னும் தெரியவில்லை.

எட்டணாவைத் தேடி எடுத்து
கோயில் பெட்டிக்குள் போட்டேன்.
காலிப்பெட்டி. நன்றாகக் கேட்டது.