மீதி இருபது சதவீதம்

பெட்டியின் மேல் அச்சடித்திருந்தது:
எண்பது சதவீதம் தயார்.
மீதி இருபதை யார் செய்வார்கள் என்று போடவில்லை.

கொள்முதல் நிலையத்தில் ஆனி மாதம் வேலை கிடையாது.
காலிச் சாக்குகளை எண்ணி எழுதினால் பதினோரு மணி.
அப்புறம் நானும் ஈரப்பதமானியும்
அதன் மேல் ஓடும் பல்லியும்.
பட்டியல் எழுத்தர் ஞானாம்பிகை,
முப்பத்தொன்பது வயது, சீசன் சம்பளம்,
ஐந்து தவணையில் வாங்கியது:
வெள்ளை நுரை உடல், சிவப்பு இறக்கை இரண்டு,
ஒரு ரிமோட், அதில் இரண்டு குச்சிகள்.
"வீட்ல பையன் இருக்கானா?" என்றார் கூரியர்காரர்.
இல்லை என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

இறக்கைக்குள் கார்பன் குழாய் நுழையும்போது
சின்னதாக ஒரு கீச்.
வால் உட்கார நான்கு திருகாணி வேண்டும், மூன்றுதான் இருந்தது.
நான்காவதை எடைத்தராசின் முதுகிலிருந்து கழற்றினேன்.
மூட்டை வரும்வரை அதற்குத் தெரியப்போவதில்லை.

அவசரப் பசை இந்த நுரையைத் தின்றுவிடும்.
தெரிந்துகொண்டேன்,
வால் ஓரத்தில் நெல்மணி அளவு பள்ளம் விழுந்த பிறகு.

முன்விளிம்பிலிருந்து ஏழு செண்டிமீட்டர் தள்ளி
இரண்டு விரல்நுனியில் சமமாக நிற்கவேண்டுமாம்.
நின்றது, வால் தாழ்ந்து,
முருங்கைக்கு முன்னங்கால் தூக்கிய ஆடு மாதிரி.
நாற்பது கிலோ மூட்டை ஆயிரக்கணக்கில் நிறுத்த கை
நாலு கிராம் தேடி அலைந்தது.
அந்தோணிராஜிடம் ஒரு வலைக்குண்டு கேட்டு வாங்கி
மூக்குக்குள் வைத்தேன்,
முத்துப்பேட்டைச் சேற்றில் இறால் பார்த்த ஈயம்.
சமமானது. மூச்சு விட்டேன்.
அந்த மூச்சுக்கே ஆடியது.

குச்சியை இடப்பக்கம் தள்ளினால்
இட இறக்கையின் மடல் எழவேண்டும். தாழ்ந்தது.
தலைகீழாக்க ஒரு பொடி சுவிட்ச் இருக்கிறது, தட்டியதும் எழுந்தது.
பார்க்காமல் பறக்கவிட்டிருந்தால்
இந்தக் கவிதை இங்கேயே முடிந்திருக்கும்.

காலை ஆறேகால். காற்று இன்னும் எழவில்லை.
நெல் கொட்டும் சிமெண்டுக் களத்தில்
நாற்பது தப்படி ஓடியது, ஒரு விரிசலில் துள்ளியது,
அவ்வளவுதான், தரை இல்லை.

தெற்கே சீமைக்கருவை, வடக்கே மின்கம்பி,
நடுவில் எனக்கென்று கொஞ்சம் வானம்.
ஒரு வட்டம் சுற்றி என்னை நோக்கித் திரும்பியபோதுதான்
புரிந்தது,
எதிரே வருவதற்கு என் இடது அதன் வலது.
கைக்குத் தெரிந்ததைக் கையிடமிருந்து பிடுங்க
ஒரு நொடி போதாது.
வேகத்தைக் குறைத்தேன்.
நழுவி, நழுவி, மூக்கை லேசாக உயர்த்தி
வாய்க்காலுக்குள் இறங்கிக் காணாமல்போனது.

ஓடினேன்.
மாசி முதல் காய்ந்து கிடந்த வாய்க்கால்,
அதன் நடுவில் முழுசாக உட்கார்ந்திருந்தது, கீறல்கூட இல்லை.
இறங்க ஒரு காலை வைக்கிறேன்,
மேற்கே சலசலப்பு.

மேட்டூர் திறந்த பதினெட்டாம் நாள்
எங்கள் கடைமடைக்குத் தண்ணீர்.
நடந்துதான் வருகிறது.
சருகையும் நுரையையும் ஒற்றைச் செருப்பையும்
முன்னால் தள்ளிக்கொண்டு,
ஒவ்வொரு வெடிப்பும் குடித்து முடிக்கும்வரை நின்று நின்று.
கரைமேல் மொபெட்டில் அதே வேகத்தில்
கால் ஊன்றி ஊன்றி லஸ்கர் தேவசகாயம்,
அவருக்குப் பின்னால் ஒரு நாய்.

எடுத்திருக்கலாம். எட்டுகிற தூரம்தான்.
எடுக்கவில்லை.
சக்கரத்தைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது,
தூக்கிக்கொண்டது.

மிதக்கும் என்று பெட்டியில் போடவில்லை.
குச்சியை மயிரிழை தள்ளினேன், விசிறி சுற்றியது.
செருப்பை ஒதுக்கி, மூக்கைத் திருப்பி,
கரைக்கு வந்தது, நேர் எதிரே, என்னை நோக்கி.
இந்தத் தடவை கை தப்பவில்லை.

"தண்ணி வந்துட்டுன்னு சொல்ல வந்தா
நீங்க கப்பல் விடுறீங்க" என்றவர்
நேரம் குறிக்க என் பேனாவைக் கேட்டார்.
திருப்பித் தரவில்லை.

பேட்டரியைக் கழற்றி, துடைத்து, தராசில் வைத்தேன்.
நேற்றைவிடப் பத்து கிராம் கூடுதல் காட்டியது.
ஒரு திருகாணி இல்லாத தராசு,
நம்பவேண்டியதில்லை.