வலது கை, ஜைத்தூன்பீ, நாற்பத்தாறு

பேர்ணாம்பட்டு. பீடி. நாளைக்கு எண்ணூறு.
ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
கையை உதறுகிறார், எட்டு மாதமாக.
கேஸ் ஷீட்டில் இவ்வளவுதான்.

கை மட்டும் மரத்திருக்கிறது. ஆள் விழித்திருக்கிறார்.
பச்சைத் துணிக்கு அந்தப் புறமிருந்து
ஏஜென்ட் கட்டுக்கு இத்தனை கழிக்கிறான் என்று
கணக்குச் சொல்கிறார்.
மோதிர விரலுக்கு நேராக
மூன்று சென்டிமீட்டர் கீறுகிறேன்.

தோல்.
கொழுப்பு, வெந்த சோளத்தின் மஞ்சளில்.
அதன் கீழே வெள்ளையாய்க் குறுக்குப்பட்டை
இருக்க வேண்டும், இருந்தது.
அதன்மேல் நாலைந்து சிவப்புத் தசையிழைகள்
கட்டைவிரல் மேட்டிலிருந்து எல்லை தாண்டி வந்து
படுத்திருந்தன.

கத்தியை வைத்துவிட்டேன்.

எப்சிபா கடிகாரத்தைப் பார்த்து
‘பதினொன்று’ என்றாள்.
புஜத்தை இறுக்கிய பட்டைக்குக் கீழே
ரத்தம் ஓடாத பதினொரு நிமிடம்.

ராணிப்பேட்டை தணிகாசலத்தின் கையில்
நான் நிறுத்தவில்லை.
அன்று அவர் ஆறாவது.
இதே மாதிரி ஒரு சிவப்பு.
ஒதுக்கிவிட்டு வெட்டினேன்.
வெள்ளைப் பட்டையோடு ஒரு வெள்ளை நூலும் போனது
எனக்குத் தெரியாது.
தையல் பிரித்த அன்று மரமரப்பு இல்லை என்றார், சிரித்தார்.
கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடப் புறப்பட்டது,
பாதி வழியில் நின்றது.
அந்த மேடு பிறகு வற்றிப்போனது.
உவமை தேடிப் பார்த்திருக்கிறேன்.
வற்றிப்போனது.

‘எல்லாருக்கும் அந்தக் கிளை அங்கே ஓடாது,
நூறில் ஒருத்தருக்கு இருக்கலாம்’ என்றேன்.
தோல் ஷெட்டில் சுண்ணாம்பு அரித்த கையைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
‘நூறு எதுக்கு டாக்டர்? இது என் கை.’
கொஞ்சம் கழித்து,
நான் வருத்தப்படக் கூடாதென்றோ என்னவோ,
‘சட்டைப் பொத்தான் ஒண்ணுதான்.
மத்ததெல்லாம் ஓடுது.’

அந்த வருஷம் சத்துவாச்சாரியில்
பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள்.
தெரு முழுக்கக் குடிதண்ணீர் பீறிட்டது.
ஜேசிபி ஓட்டிய பையன் இறங்கி நின்று
‘பைப் இங்க வரும்னு மேப்ல இல்ல மேடம்’ என்றான்.
‘கண் எதுக்கு இருக்கு?’ என்று
தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.
மூன்று நாள் லாரித் தண்ணீர் பிடித்தேன்.
குடத்தைத் தூக்கும்போதெல்லாம்
பொத்தான், பொத்தான்.

‘என்னம்மா, சத்தத்தையே காணோம்?’
துணிக்கு அந்தப் புறம் ஜைத்தூன்பீ.
‘தேடுறேங்க.’
‘என்ன தொலைச்சீங்க?’
எப்சிபாவின் மாஸ்க் சிரிப்பில் அசைந்தது.

கண்ணில் பூதக்கண்ணாடி.
மழுங்கின முனையால் இழைகளை ஒவ்வொன்றாய் விலக்க,
இருந்தது.
பீடி முனையில் சுற்றுகிற நூலைவிட மெல்லிசாக.
நடுநரம்பின் சுண்டுவிரல் பக்கத்தில் கிளைத்து,
பட்டையின் மேலேறி,
கத்தி போகவேண்டிய பாதையைக்
குறுக்கே கடந்து
கட்டைவிரலுக்குப் போய்க்கொண்டிருந்தது.
ஆற்காடு ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று
வழி கிடைக்காமல் கதறியது.

நூலைத் தூக்கிப் பிடித்தேன்.
அடியில் பட்டையை அரிசி அரிசியாய் வெட்டினேன்.
நசுங்கிக் கிடந்த நரம்பு வெளிச்சத்துக்கு வந்தது.
எப்சிபா இருபத்தாறு என்றாள்.
இறுக்கத்தைத் தளர்த்தினோம். கை சிவந்தது.

நோட்டில் படம் வரைந்தேன்.
மூன்று முறை அழித்து வரைந்தேன்.

மறுநாள் காலை வார்டில்
‘கட்டைவிரலால சுண்டுவிரலைத் தொடுங்க’ என்றேன்.
தொட்டார்.
நான் கேட்காமலே
இல்லாத இலையில் இல்லாத தூளை வைத்து
ஒரு பீடி சுற்றி
முனையை மடித்துக் காட்டினார்.
‘எப்ப உட்காரலாம் வேலைக்கு?’
‘ஆறு வாரம்.’
‘மூணு.’
‘ஆறு.’
‘நாலு வெச்சுக்கோங்க.’

இடது கை அடுத்த மாதம்.
அதே உடம்பு, அதே பீடி.
வலது ஓடுகிற வழியில்தான்
இடதும் ஓடவேண்டும் என்று
சட்டம் ஒன்றும் இல்லை.