நடுத்தோல்

ஞாயிறு காலை ஆறரைக்கே
காந்தி வீதியில், திறக்காத ஒரு ஷட்டருக்கு முன்னால்
என் பச்சைத் தார்ப்பாய் விரிந்துவிடும்.
இந்தப் பக்கம் ‘எது எடுத்தாலும் ஐம்பது’,
அந்தப் பக்கம் பனியன்.
நடுவில் நான், ஒன்பது கத்திகளோடு.

மடக்குக் கத்தியில்லை, இவை மடங்காதவை.
முனையிலிருந்து பிடியின் கடைசிவரை ஒரே இரும்பு.
லாரி வில்பட்டையைக்
கடலூர் முதுநகரில் காய்ச்சி அடித்துத்
தணிகைவேலன் அனுப்புகிறான்.
பிடிக்குப் பண்ருட்டிப் பலா.
தானே புயலில் விழுந்த மரங்களை
அப்போதே வாங்கிப் போட்டிருந்தான்,
அந்த மஞ்சள் இன்னும் தீரவில்லை.

உறை என்னுடையது.
வாணியம்பாடித் தோல், மூன்றரை மில்லி.
நீரில் ஊறவைத்து,
பாலிதீன் சுற்றிய கத்தியை உள்ளே விட்டு,
விரல் மரத்துப்போகும்வரை அழுத்துவேன்.
காய்ந்தபின் அந்தத் தோலுக்கு
அந்த ஒரு கத்தியைத்தான் தெரியும்.
ஒரு நூல், இரண்டு ஊசி.
எதிரெதிராக ஒரே துளையில் நுழைந்து
ஒன்றையொன்று குத்தாமல் வெளியேற வேண்டும்.

விளிம்பில், இரண்டு தோலுக்கும் நடுவே
இன்னொரு பட்டை வைத்துத் தைப்பேன்.
வெளியே தெரியாது.
உருவும்போதெல்லாம் கூர்
நூலை விட்டுவிட்டு
அதைக் கொஞ்சம் தின்றுகொள்ளட்டும் என்று.

ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம்,
தணிகைவேலனும் நானும்.
நடுவில் ஒன்றை வைத்துத் தைக்க
இருவருக்கும் தோன்றவில்லை.
கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட மறுவாரம்
கடலூர் பஸ்ஸில் ஒரு பொட்டலம் வந்தது.
செய்தித்தாளில் சுற்றிய நான்கு கத்திகள்.
‘உறை வேண்டும். விற்றால் பாதி.’

ஒரே உறையில் இரண்டு கத்தியா என்று
பழமொழி சொன்னவர்கள்
உறையிடம் கேட்டதில்லை.

பத்து மணிக்குச் சென்னைப் பையன்கள்.
முதுகில் மலையேறும் பை, காலில் மலையேறாத செருப்பு.
ஒருவன் கை நீட்டினான்.
கையில் தரமாட்டேன். பாயில் வைப்பேன், எடுத்துக்கொள்.
“ஏன்க்கா?”
கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும்.
“அதெல்லாம் நம்புறீங்களா?”
ஆறு வருஷம் கையிலதான் வாங்கினேன், தம்பி.

பிறகு காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா
பெருவிரல் நகத்தில் கூர் பார்த்தாள்.
“நல்ல இரும்பு. வஞ்சிரத்துக்கு ஆவாது, முதுகு தடி.
கட்டை சீவறவனுக்குச் செஞ்சிருக்கு.”
போய்விட்டாள்.
இந்த மாதம் வந்த ஒரே சரியான விமர்சனம்.

காவலர் எழிலோவியம் ஸ்கேலோடு வந்தார்.
நாலரை அங்குலம்.
“இத வாங்கி என்ன பண்ணுவாங்க?”
வாங்கியவர்கள் பெயரும் நம்பரும் எழுதிய நோட்டைக் காட்டினேன்.
விறகு சீவுவாங்க, கயிறு அறுப்பாங்க, மேடம்.
பாதிப்பேர் மேசை டிராயரில் வைத்து
ஆபீஸ் முடிந்து வந்து உருவிப் பார்ப்பாங்க.
அவர் சிரிக்கவில்லை.
கத்தியைக் கீழே வைத்துவிட்டு
உறையை மட்டும் மோந்து பார்த்தார்.
“இது தனியா கெடைக்குமா?”
கிடைக்காது.

மூன்று மணிக்குச் சிக்கல்.
ஊசுட்டேரியில் நாணல் எண்ணும் ஒருவர்
உருவினார், வரவில்லை.
மறுபடி உருவினார், தோல் முனகியது.
பொட்டலம் சனி இரவுதான் வந்தது,
அவன் அனுப்பிய அட்டை வடிவத்தை நம்பி
முன்பே தைத்துவைத்த உறை அது.
இருநூறு குறைத்தேன்.

ஏழு மணிக்கு போன்.
“எத்தன போச்சு?”
அஞ்சு. ஒன்னு இருநூறு கம்மிக்கு.
“யாரு கணக்குல?”
அட்டையவிட அரை நூல் அகலமா அடிச்சது நீ.
“தோலு காஞ்சா சுருங்கும்.”
அளந்துதான் தச்சேன்.
மறுமுனையில் சாணைக்கல் சுற்றி ஓயும்வரை
இருவரும் பேசவில்லை.
“சரி. ஆளுக்கு நூறு.”

பனியன்காரர் மூட்டை கட்டக் கத்தி கேட்டார்.
பாயில் வைத்தேன், எடுத்துக்கொண்டார்.
கயிற்றை அறுத்துவிட்டு
அவசரத்தில், பிடியை என் பக்கம் திருப்பிக்
கையிலேயே நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.