பத்துக்குள் ஓர் எண்

வலியை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றேன்.
மூட்டைக் கணக்கில் சொல்லலாமா என்றார் உத்திராபதி.
நேற்று இருநூற்றுப் பத்து.
ஒன்று நாற்பது கிலோ.
"நெல்லுக்கு ஈரம் பாக்க மிஷின் வச்சிருக்காங்கம்மா."
அதற்குமேல் சொல்லவில்லை.

கொரடாச்சேரிக்குத் தெற்கே புரட்டாசி.
மழைக்குமுன் குறுவையை ஏற்றிவிட
கொள்முதல் நிலையம் தொடங்கி
எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம்வரை லாரிகள்.
அறைக்கு வெளியே எண்பத்தாறு சீட்டு,
ஆளுக்கு மூன்று நிமிடம்.
குனியச் சொன்னேன். படுக்கவைத்துக் காலைத் தூக்கினேன்.
கட்டைவிரலில் உணர்ச்சி இருந்தது.
டிரமடால் ஐம்பது, காலை, இரவு, ஐந்து நாள்.
ஐந்தை அடிக்கோடிட்டேன்.

ஆறாம் நாள்
தென்னை ஈர்க்கில் கோத்த இரண்டு விராலோடு வந்தார்.
"முதுகுன்னு ஒன்னு இருக்குறதே
இருவது வருசத்துல இந்த அஞ்சு நாளுதாம்மா மறந்துபோச்சு."
மகிழ்ந்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.
மகிழ்ந்து,
இன்னும் ஐந்து நாளுக்கு எழுதினேன்.
மீனை வேண்டாமென்றேன்,
அதில் மட்டும் கறாராக இருந்தேன்.

ஐப்பசியில் அவர் வரவில்லை.
என் கையெழுத்து மட்டும் ஊர் சுற்றியது,
மடிப்பில் கிழிந்து, செலோடேப் ஒட்டி.
தேதியை மெடிக்கலில் எவரும் படிக்கவில்லை.
அந்த ஒரே சீட்டுக்கு
லோடுமேன் ஏழு பேர் வாங்கித் தின்றார்களாம்.
மேஸ்திரியே அட்டை அட்டையாக வாங்கிக்
கூலியில் கழித்துக்கொண்டாராம்.
சிவப்புக் கோடு போட்ட அட்டை.

கார்த்திகையில் செண்பகவல்லி அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள்.
ஓயாத கொட்டாவி, ஒழுகும் மூக்கு,
வேர்வையில் சட்டை ஒட்டியிருக்க
கையெல்லாம் மயிர் குத்திட்டு நின்றது.
"சாமி வந்தாத்தான் இப்புடிப் புல்லரிக்கும்.
ரெண்டு நாளா ராத்தூக்கமும் இல்ல."
மாத்திரை தீர்ந்து
அதே ரெண்டு நாள்.

வலி எவ்வளவு என்றேன், பழக்கத்தில்.
"முதுகுலயா? முதுக விடுங்கம்மா,
மத்த எடத்தக் கேளுங்க."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார்.
ஐந்தின் அடியில் நான் இழுத்த கோடு
அப்படியே இருந்தது.

வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தேன்.
படிப்படியாகக் குறைக்கும் கணக்கைச்
செண்பகவல்லியிடம் இரண்டு முறை சொன்னேன்.
வியாழன்தோறும் பிசியோதெரபி வண்டி வரும் என்றேன்.
வியாழன் லோடு நாளாச்சே என்றாள்.
இரண்டு மாத ஓய்வு என்று எழுதப்போய் நின்றேன்,
அந்தச் சீட்டை அவர்
எந்த லாரியிடம் காட்டுவார்?

அடுத்தவர் இடுப்பில் கைவைத்தபடி உள்ளே வந்தார்.
தலைமுண்டில் நெல் சுணை.
எத்தனை மூட்டை, என்றேன்.