நான்கு நிமிடம், பத்து விநாடி

டொலீடோ நகரில் அக்டோபர்.
வாசல்தோறும் பூசணிக்காய்கள்,
எந்தச் சோற்றிலும் மறைக்க முடியாத பருமனில்.

நாள்கூலிக்குக் கேமரா தூக்குபவன் நான்.
வாரக் கடைசியில் உள்ளூர் சேனல்,
மற்ற நாளில் யார் அழைத்தாலும்.
இந்த வியாழன் அழைத்தவள் அய்சுலு.
அவள் நாட்டை என் மகன் உலகப்படத்தில் தேடி
காப்பிக் கறைக்கு அடியில் கண்டுபிடித்தான்.
அரசாங்கச் சேனல். அரசாங்கம் தும்மினால்
செய்தி வாசிப்பவர் மூக்கைத் துடைத்துக்கொள்ளும் வகை.

காரில் கேட்டாள்:
"பந்தைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள்,
ஏன் இதற்குக் கால்பந்து என்று பெயர்?"
"எங்கள் முதல் பொய் அது" என்றேன்.
சிரிக்காமல் குறித்துக்கொண்டாள்.

பெர்னடெட் வோய்சிக்கின் சமையலறை.
பதினோரு பருவம் ஆடிய லியோ
சென்ற மார்ச்சில் கராஜில் செத்துப்போனான்.
மூளை ஆய்வகத்துக்குப் போயிற்று.
ஃபிரிட்ஜ் கதவில் அவன் கையெழுத்து இன்னும் இருக்கிறது:
உன் பெயர் லியோ.
செவ்வாய், குப்பை வண்டி.
அடுப்பை அணை.
அவள் பெயர் பெர்னி. கத்தாதே.

உள்ளூர் சேனலுக்கு ஐந்து முறை எழுதியிருக்கிறாள்.
அங்கே வானிலைக்குக்கூட
அணியின் முதலாளிதான் விளம்பரதாரர்;
மழை பெய்வதும் அவர் உபயம்.

மைக்கின் கழுத்தில் சதுரப் பெட்டி,
நாலு முகத்திலும் சேனலின் சின்னம்.
"இதைக் கழற்றிவிட்டுப் பேசலாமா?"
அய்சுலு கழற்றினாள்.
கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள்.
மறுபடி மாட்டினாள்.
"இது இல்லாவிட்டால் எனக்குச் சம்பளம் இல்லை."

இரண்டு மணிநேரம்.
என் ஹெட்ஃபோனில் ஃபிரிட்ஜின் முனகல்,
பெர்னடெட்டின் மோதிரம் கோப்பையைத் தட்டும் ஓசை.
கடைசியில், யாரும் கேட்காமலே:
"இன்னொரு முறை பிறந்தாலும் அவன் ஆடத்தான் செய்வான்.
நானும் போய்க் கை தட்டுவேன்.
அதையும் போடுங்கள்."

திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில்,
அய்சுலு தன் ஊரைப் பற்றிச் சொன்னாள்.
பனிச்சறுக்கு அரங்கின் கூரை விழுந்த நாள்.
உள்ளே அவள் மாமன் மகள்.
சேனலில் அன்று முழுக்கக் கொக்குகளைப் பற்றிய படம்.
"கொக்குகள் ரொம்ப அழகாக இருந்தன."
பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை.
பின்னால் ஹாரன்.

ஒளிபரப்பானது நான்கு நிமிடம் பத்து விநாடி.
அழுகை இருந்தது. ஃபிரிட்ஜ் இருந்தது.
ஆய்வக அறிக்கை, பக்க எண்ணோடு, பிழையில்லாமல்.
கை தட்டுவேன் என்றது இல்லை.
அந்த இடத்தில் எங்கள் கொடி
கறுத்த மேகத்துக்கு முன்னால் மெதுவாக ஆடியது.
பின்னணியில் ஓர் ஆண்குரல்: இதுதான் அமெரிக்கா.

சனிக்கிழமை உள்ளூர் சேனலும் கண்விழித்தது:
நம் தெருவில் அந்நியப் பிரசாரம்.
லியோவின் பெயரை ஒருமுறை சொன்னார்கள், அதையும் தப்பாக.
மறுநாள் காலையில் பெர்னடெட்டின் பூசணிக்காய்
சாலை நடுவில் சிதறிக் கிடந்தது.
யாரோ காலால் உதைத்திருக்கிறார்கள்.
இந்த ஊரில் நான் கண்ட முதல் அசல் கால்பந்து.

எதிர்வீட்டு மெல்வினைக் கேட்டேன்,
"அதில் எது பொய்?"
"சொன்னது யார், பார்த்தாயா?"
"சொன்னது பெர்னடெட்."
"மைக் யாருடையது?"

வெட்டாத இரண்டு மணிநேரம்
என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது,
பழைய பேட்டரிகளோடு.
கேட்டு யாரும் வரவில்லை.
நானாகவும் யாரிடமும் கொண்டுபோகவில்லை.

அடுத்த வெள்ளி இரவு, பள்ளிக்கூட ஆட்டம்.
தலைக்கவசம் தலைக்கவசத்தில் மோதும்போது
கார்க் கதவை அறைந்து சாத்துவதுபோல் இருக்கும்.
தயாரிப்பாளர் காதுக்குள் சொன்னார்:
"சத்தத்தைக் குறை, பேண்டு வாத்தியத்தை ஏற்று."
குறைத்தேன்.

இரண்டு காசோலைகளும் ஒரே வாரத்தில் வந்தன.
ஒன்றில் கழுகு,
ஒன்றில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.
இரண்டுமே வங்கியிலிருந்து திரும்பி வரவில்லை.