ஒண்ணுமில்லை

கம்மல், வளையல், ஊக்கு, ஹேர்பின், மெட்டி
எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள் ஜெசிந்தா.
கம்மல் முந்தாநாளே கழன்றுவிட்டது.
கல்லுக்கட்டியில் அடகுக்கடைத் தராசில் ஏறி
ஆறாயிரத்து ஐந்நூறாய் இறங்கி
இப்போது என் முதுகுக்கடியில்
இந்தக் குளிர்ந்த பலகையாய்க் கிடக்கிறது.

மெட்டிதான் வரமாட்டேன் என்றது.
சோப்பு நுரை தடவி அவளே உருவினாள்,
முகம் சுளிக்காமல்.

ரத்தத்தில் இரும்பு இருக்கே, இழுக்காதா என்றேன்.
"அதுக்கெல்லாம் இந்தக் காந்தம் ஆசைப்படாதுக்கா."

முழங்காலை ஒரு கூட்டுக்குள் வைத்துப் பூட்டினாள்.
அரைமணி நேரம் அசையக்கூடாதாம்.
ஐந்து வாரமாய் எல்லாரும்
என்னை நடக்கத்தான் சொன்னார்கள்.

"எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லையேம்மா"
என்றார் காண்ட்ராக்டர் வயிரவன்.
"எலும்பு வெண்கலமாட்டம் இருக்காமே"
என்றார் என் வீட்டுக்காரர்.
"பொன்னழகு விழவே இல்லையே, வாளி சிந்தலையே"
என்றாள் கூடப் பரிமாறிய இருளாயி.

உண்மைதான். சிந்தவில்லை.
கானாடுகாத்தானில் கல்யாணம், மூன்றாம் பந்தி,
கையில் கொதிக்கிற ரசவாளி.
இலைவரிசை முடிகிற இடத்தில்
பலூனோடு ஒரு பொடியன் குறுக்கே ஓடினான்.
உடம்பு திரும்பியது.
பாதம் திரும்பவில்லை.
உள்ளே ஒரு டப்.
பக்கத்து இலைக்காரர்
அப்பளம் நொறுங்கியதென்று நினைத்திருப்பார்.
வாளியைத் தரையில் வைத்தேன்.
கரண்டியை வாளிக்குள் வைத்தேன்.
பிறகுதான் உட்கார்ந்தேன்.

டக்டக்டக்டக்.
காதுப் பஞ்சையும் மீறி
நூறு கத்தி சேர்ந்து வெங்காயம் அரிகிறது.
அப்புறம் கொர்ரென்று
கிரைண்டரில் கல் மாட்டிக்கொண்ட சத்தம்.
நடுவே, பந்தி எழுந்துபோன கூடம் மாதிரி
ஓர் அமைதி.
அடுத்த பந்திக்கு மறுபடி டக்டக்டக்.

வெளியே வந்ததும் ஜெசிந்தா முகத்தைப் பார்த்தேன்.
அவள் மெட்டியை மட்டும் தந்தாள்.
"டாக்டர் சொல்லுவாருக்கா."

டாக்டர் மவுசை உருட்ட உருட்ட
வாழையிலைக் கட்டைப் பிரித்துப் புரட்டுகிற மாதிரி
என் மூட்டு இலை இலையாய்ப் புரண்டது.
பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ,
ஒரு படத்தில் நிறுத்தினார்.
"இங்க ஒரு கறுப்புக் கயிறு
விறைப்பா இழுத்துக் கட்டினாப்ல தெரியணும்.
பாருங்க, நரைச்சு, நெளிஞ்சு, பிரிஞ்சு கிடக்கு.
முன்பக்க ஜவ்வு. முழுசா அறுந்திருக்கு.
எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும், இது தெரியாது."

தொடையெலும்பின் நுனியில் ஒரு வெள்ளைக் கறை.
கீழெலும்பின் பின்புறம் இன்னொன்று.
"ஜவ்வு விட்டதும் இது ரெண்டும் முட்டியிருக்கு.
கால் ஊன்றினபடி இருக்க
உடம்பு மட்டும் திரும்புச்சா?"

இவர் அந்தக் கல்யாணத்துக்கு வந்தவரில்லை.
பொடியனையோ பலூனையோ பார்த்தவரில்லை.

அறுந்திருக்கு.
காலி இலையின் ஓரத்தில்
யாரோ கேட்காமலே இனிப்பு வைத்தது போலிருந்தது.
சொன்னால் பைத்தியம் என்பீர்கள்.

தொடையிலிருந்து நார் எடுத்து வைப்பார்களாம்,
காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்றார்,
ஒன்பது மாதம் என்றார்.
பாதிதான் காதில் விழுந்தது.
ஒன்பது மாதத்தில் எத்தனை முகூர்த்தம் என்று
மீதிப் பாதி எண்ணிக்கொண்டிருந்தது.

"டாக்டர், ரிப்போர்ட் இங்கிலீஷில இருக்கு.
ஒரு தாளில தமிழில எழுதித் தருவீங்களா?
வயிரவன் அண்ணனுக்கு."

"என்னன்னு?"

"விழாமலும் அறும்னு.
ரசம் சிந்தாமலும்
அறும்னு."

பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.