மூன்றாம் கட்டம்

துணியைப் பிரித்ததும்
உள்ளே ஒருவன் குந்தியிருந்தான்.
நடுவிரல் நீளம். தன் வயிற்றைத் தானே தழுவி,
தலை கவிழ்ந்து, மூக்கு அலகாய் நீண்டு.
கிரிஸ் கத்தியின் கைப்பிடி. கத்தி இல்லை.
இந்த வடிவத்துக்குச் சுமத்ராப் பக்கம் ஒரு பெயர் உண்டு:
காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன்.
அஸ்ஸன் நகரில் அன்று ஆலங்கட்டி மழை.

யோசினா சாஹேதாபி மேலங்கியைக் கழற்றாமல் சொன்னார்:
"எலும்பு என்று எழுதிவிடுங்கள்.
எலும்புக்கு அனுமதி வேண்டாமாம்.
அம்போனில் தங்கை மகனுக்குக் கல்யாணம்."

நான் எழுதுவதில்லை, பார்க்கிறேன்.
எலும்பென்றால் இரத்தம் ஓடிய துளைகள்
ரொட்டியில் எள் தூவியதுபோலத் தெரியும்.
உருப்பெருக்கியில் ஒரு புள்ளியும் இல்லை.
பிளாஸ்டிக் என்றால் கோடுகள்
பள்ளிப்பிள்ளை நோட்டுப்போல நேராக ஓடும்,
ஊதா விளக்கில் மங்கிப்போகும்.
இவன் நீலவெண்மையாய் எரிந்தான்.
திமிங்கிலப் பல்லுக்குள் இன்னொரு பல் வளையமிட்டிருக்கும்.
அதுவும் இல்லை.

கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன்.
இரும்புக் காம்பு நுழைந்த துளையைச் சுற்றி
இருபுறமும் புறப்பட்ட வளைகோடுகள்
ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.
கோணமானி வைத்தேன். நூற்றிருபது.
தொண்ணூறுக்குள் ஒடுங்கினால் மாமூத்.
பனியுகத்தில் செத்த மிருகத்தைச் சட்டம் தேடுவதில்லை.
அந்த ஆசையில் மறுபடி அளந்தேன், மறுபடியும்.
நூற்றிருபது.

"யானை" என்றேன்.
எந்தக் காட்டு யானை என்று கோடு சொல்லாது.
இருந்தும் இறந்தும் விலைபோனது,
அவ்வளவுதான்.

அவர் சிரித்தார்.
"அப்பா சொன்னதில் ஒன்றாவது உண்மை.
ராணுவத்திலிருந்து நேரே கப்பல், கப்பலிலிருந்து முகாம்.
மரக்கொட்டகையில், அடுப்போரம்,
இப்படியேதான் உட்கார்ந்திருப்பார், இதே முதுகு.
சுமத்ராவில் ஒரு ராஜா தந்த பரிசு என்பார்.
ராஜாவுக்கு வருஷத்துக்கு ஒரு பெயர்."

கடைசியில் தேய்மானம் பார்ப்பது என் வழக்கம்.
செதுக்கியவன் முதுகெல்லாம் கொடி ஓட்டியிருந்தான்.
இலைகளில் உளியின் கூர் இன்னும் இருந்தது,
ஒரு விலாவில் தவிர.
அங்கே கொடி அழிந்து, இலை அழிந்து,
மெல்லிய ஒரு பள்ளம்.
கையுறையோடு பிடித்துப் பார்த்தேன்.
வலக்கையில் ஒட்டவில்லை.
இடக்கைக்கு மாற்றினேன்.
பள்ளம் என் கட்டைவிரலை வாங்கிக்கொண்டது.

"உங்கள் அப்பா இடக்கைக்காரரா?"

குழல்விளக்கு கிர்ரென்றது.
எத்தனை வருஷம் ஒரே விரல் அமர்ந்திருக்க வேண்டும்
இவ்வளவு குழிவதற்கு என்று
நான் சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

"வலக்கை" என்றார்.
"இடக்கையால் எழுதினேன் என்று
என்னை அடித்தவர்."

பிறகு:
"பரிசென்றால் கத்தியும் வந்திருக்கும், இல்லையா?"

பிறகு, "கொடுங்கள்" என்று கை நீட்டினார்.
இடக்கை.
கட்டைவிரல் தேடாமலே போய் அமர்ந்தது.
ஒரு மூச்சு. இரண்டு.
சூடான பாத்திரத்தை இறக்குகிறவர்போல
மேசையில் வைத்தார்.

படிவத்தில் மூன்று கட்டங்கள்.
பொருள்: யானைத் தந்தம்.
வேலைப்பாடு: தென் சுமத்ரா, ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம்.
வந்த வழி என்ற இடத்தில்
'பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து பெற்றது' என்று எழுதித்
திருப்பிக் காட்டினேன்.

கண்ணாடி அணிந்து மெதுவாகப் படித்தார்.
என் பேனாவை வாங்கி,
'பெயர் தெரியாத' என்பதற்குப் பக்கத்தில்
'இடக்கைக்கார' என்று சேர்த்தார்.
'பெற்றது' என்பதை அடித்து
'எடுத்தது' என்று எழுதினார்.

"கல்யாணத்துக்கு ஒரு கடிகாரம் அனுப்பிக்கொள்கிறேன்.
இவனுக்கு அங்கே ஆள் இருந்தால் தேடிப் பாருங்கள்."

கதவை வலக்கையால் திறந்தார்.
மற்றது மேலங்கிப் பைக்குள் இருந்தது.